ஓசியானியாவுக்கு ஒதுக்கிய அரை இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

2001 ஏப்ரல் 11. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் காஃப்ஸ் ஹார்பர் என்று ஓர் ஊர். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் ஒன்று முடிந்து நடுவர் விசில் ஊதியபோது ஸ்கோர்போர்டு 32-0 என்று காட்டியது. அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, இல்லை, 31தான் என்று திருத்தினார்கள். எண்ணுகிறவருக்கே கணக்குத் தப்பிப்போன ஆட்டம். ஆஸ்திரேலியா 31, அமெரிக்கன் சமோவா 0. ஆர்ச்சி தாம்ப்சன் என்பவர் ஒருவரே 13 கோல் அடித்தார். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இதைத் தாண்டிய ஸ்கோர் இன்றுவரை இல்லை.

வினாடி வினாவில் கேட்கத் தோதான சங்கதி. கேட்டவுடன் சிரிப்பும் வரும். ஆனால் அன்றைக்கு அந்தச் சிறிய தீவிலிருந்து வந்திறங்கியது யார் என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள்தான் அமெரிக்கன் சமோவாவுக்கு ஆடலாம் என்று உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா கறாராகச் சொல்லிவிட்டது. முதலில் தேர்ந்தெடுத்த 20 பேரில் அந்தத் தகுதி உள்ளவர் ஒரே ஒருவர்: கோல்கீப்பர் நிக்கி சலாபு. சரி, 20 வயதுக்குட்பட்டோர் அணியையாவது அனுப்பலாம் என்றால், பையன்களுக்குப் பள்ளிப் பரீட்சை. கடைசியில் கிடைத்தவர்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். அதில் 15 வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள். குருவி தலையில் பனங்காய். எதிரே நின்ற ஆஸ்திரேலியா, இரண்டு நாளுக்கு முன்னால்தான் டோங்காவை 22-0 என்று சாய்த்திருந்த அணி.

இப்படி ஓர் ஆட்டத்தை ஏன் நடத்த வேண்டியிருந்தது? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். பசிபிக் தீவுகளின் கால்பந்தை நிர்வகிக்கும் ஓசியானியக் கால்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஓ.எஃப்.சி.

உலகக் கால்பந்தை ஃபிஃபா ஆறு கண்டக் கூட்டமைப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஐரோப்பா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா, வட மற்றும் மத்திய அமெரிக்கா. ஆறாவது ஓசியானியா. 1966-இல் பிறந்தது. ஃபிஃபா அதை முழுக் கூட்டமைப்பாக ஏற்றுக்கொண்டது 1996-இல். முப்பது வருஷம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. தலைமையகம் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில். இப்போது ஃபிஃபா உறுப்பினர்களாக இருப்பவை பதினொன்று: நியூசிலாந்து, ஃபிஜி, பாப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, டஹிட்டி, சமோவா, அமெரிக்கன் சமோவா, டோங்கா, குக் தீவுகள். டுவாலு, கிரிபாட்டி இரண்டும் துணை உறுப்பினர்கள். பாப்புவா நியூகினியைத் தவிர்த்துப் பார்த்தால், இவற்றில் பல தீவுகளின் மொத்த மக்கள்தொகை நம்மூர் மாநகராட்சி ஒன்றின் சில வார்டுகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு தீவிலிருந்து அடுத்ததற்குப் போவதென்றால் கடல்மேல் மணிக்கணக்கில் விமானம். டிக்கெட் செலவுதான் அந்தக் கூட்டமைப்பின் நிரந்தரத் தலைவலி.

இந்த வீட்டில் கொஞ்ச காலம் வெளியூர் விருந்தாளிகளும் தங்கியிருந்தார்கள். அரபு நாடுகள் இஸ்ரேலோடு ஆட மறுத்ததால் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட இஸ்ரேல், 1986, 1990 உலகக் கோப்பைகளுக்கு ஓசியானியா வழியாகத்தான் முயன்றது. தைவானும் இங்கே உறுப்பினராக இருந்தது. வேறெங்கும் இடமில்லாதவர்களை அனுப்பிவைக்கும் திண்ணை மாதிரிதான் ஃபிஃபா ஓசியானியாவை நடத்தியது.

இப்போது அந்த அரை இடத்துக்கு வருகிறேன். உலகக் கோப்பையில் ஒவ்வொரு கண்டத்துக்கும் இத்தனை இடம் என்று ஃபிஃபா பங்கு பிரிக்கும். ஓசியானியாவுக்குப் பல காலம் ஒதுக்கியது அரை. அதாவது, உங்கள் பகுதியில் முதலிடம் பிடித்தாலும் உலகக் கோப்பைக்குள் போய்விட முடியாது. வேறு கண்டத்தில் கடைசி இடத்துக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஓர் அணியோடு ஆடி ஜெயித்தாக வேண்டும். அந்த அணி எது என்பது அந்தந்த முறை உங்கள் அதிர்ஷ்டம்.

ஆஸ்திரேலியாவின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். 1985-இல் எதிரே ஸ்காட்லாந்து. 1993-இல் அர்ஜென்டினா, அதுவும் மரடோனாவைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்த அர்ஜென்டினா. 1997-இல் ஈரான். மெல்போர்னில் 2-0 என்று ஆஸ்திரேலியா முன்னிலையில் இருக்கிறது, அரங்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. ஈரான் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கியது. டெஹ்ரானில் நடந்த முதல் ஆட்டம் 1-1. மொத்தத்தில் சமம். அப்படியானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி; அந்தக் கணக்கில் ஈரான் உள்ளே, ஆஸ்திரேலியா வெளியே. இரண்டு ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 2001-இல் உருகுவே. அதிலும் தோல்வி.

31 கோல் அடித்த அதே வருஷம்தான் அதுவும். ஏப்ரலில் பள்ளிப் பையன்களுக்கு எதிராக 31, வருஷக் கடைசியில் உருகுவேயின் மான்டிவிடியோவில் மூன்று கோல் வாங்கித் தோல்வி. தகுதிச்சுற்றைப் பொறுத்தவரை நடுவில் உருப்படியான சோதனையே இல்லை. பெரியவனுக்கும் பயிற்சி இல்லை, சின்னவனுக்கும் பாடம் இல்லை. ஓசியானியாவின் நோய் இதுதான் என்பது என் கணிப்பு. அந்த 31-0க்குப் பிறகுதான், சின்னத் தீவுகள் முதலில் தங்களுக்குள் ஆடட்டும், அதில் தேறியவர்கள் பெரியவர்களைச் சந்திக்கட்டும் என்கிற யோசனைக்கு வலு வந்தது.

அரை இடத்தை முழு இடமாக்கித் தருகிறோம் என்று 2002 டிசம்பரில் ஃபிஃபா வாக்குக் கொடுத்தது. அடுத்த ஆறு மாதத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆஸ்திரேலியாவுக்கு வெறுத்துவிட்டது. ஆசியாவுக்குக் கட்சி மாற முடிவெடுத்தார்கள். போவதற்கு முன் ஒரு கடைசி ஆட்டம் மீதி இருந்தது. 2005 நவம்பர் 16, சிட்னி, மறுபடி அதே உருகுவே. பெனால்டி வரை போனது. கோல்கீப்பர் மார்க் ஷ்வார்சர் இரண்டைத் தடுத்தார், ஜான் அலோய்சி கடைசி உதையை வலைக்குள் அனுப்பினார். 32 வருஷத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியா உலகக் கோப்பையில். 2006 ஜனவரி 1-ஆம் தேதி ஆசியக் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். அந்த ஜூன் மாதம் உலகக் கோப்பையில் ஆடியபோது, அவர்களுக்கு இடம் வாங்கித் தந்தது ஒரு கண்டம், அவர்கள் உறுப்பினராக இருந்தது இன்னொரு கண்டம்.

மைதானத்தில் மட்டும்தான் ஓசியானியா பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். வாக்கெடுப்பு அறையில் அதன் கை மற்றவர்கள் கைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அந்தக் கையை அது பயன்படுத்திய லட்சணம்தான் வேறு. 2000 ஜூலை 6, சூரிச். 2006 உலகக் கோப்பையை யார் நடத்துவது என்று ஃபிஃபா செயற்குழுவின் 24 பேர் வாக்களிக்கிறார்கள். கடைசிச் சுற்றில் ஜெர்மனியும் தென்னாப்பிரிக்காவும். ஓசியானியாவின் தலைவர் சார்லி டெம்ப்சி, நியூசிலாந்துக்காரர், எண்பதை நெருங்கிய வயது. தென்னாப்பிரிக்காவுக்குப் போடுங்கள் என்று கூட்டமைப்பு அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் கடைசிச் சுற்றில் யாருக்கும் போடாமல் ஒதுங்கிக்கொண்டார். முடிவு 12-11, ஜெர்மனி. அவர் போட்டிருந்தால் 12-12. அப்போது ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டரின் தீர்மான வாக்கு தென்னாப்பிரிக்காவுக்குத்தான் போயிருக்கும் என்று எல்லோரும் பேசினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாக்கெடுப்புக்கு முந்தைய இரவு ஜெர்மனியின் ஒரு கிண்டல் பத்திரிகை, செயற்குழு உறுப்பினர்கள் சிலர் தங்கியிருந்த ஹோட்டலுக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. ஜெர்மனிக்குப் போட்டால் பிளாக் ஃபாரஸ்ட் பன்றிக்கறியும் ஒரு குயில் கடிகாரமும் பரிசு என்று. டெம்ப்சி அதற்கு மயங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. தாங்க முடியாத நெருக்கடி என்று மட்டும் அவர் சொன்னார், பதவியை விட்டும் விலகினார். ஆப்பிரிக்கா தன் முதல் உலகக் கோப்பைக்கு இன்னும் நாலு வருஷம் காத்திருந்தது.

பத்து வருஷம் கழித்து மறுபடி அதே கதை. 2010 டிசம்பரில் 2018, 2022 உலகக் கோப்பைகளுக்கான வாக்கெடுப்பு. அப்போதைய ஓசியானியத் தலைவர், டஹிட்டிக்காரர் ரேனால்ட் டெமாரி. ஒரு பத்திரிகையின் ரகசிய விசாரணைக்குப் பிறகு ஃபிஃபா அவரை இடைநீக்கம் செய்திருந்தது. அவர் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் மாற்று ஆள் வாக்களித்திருக்கலாம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ரஷ்யாவும் கத்தாரும் தேர்வான அந்த அறையில் ஓசியானியாவுக்கு நாற்காலியே இல்லை. அந்த மேல்முறையீட்டு வழக்குச் செலவுக்குக் கத்தாரைச் சேர்ந்த முகமது பின் ஹம்மாமிடம் பணம் வாங்கினார் என்று ஃபிஃபாவின் நெறிமுறைக் குழு பின்னாளில் டெமாரிக்கு எட்டு வருஷத் தடை விதித்தது. உலக அரங்கில் ஒரு நாள் கிடைக்கும் மதிப்பை இப்படி இரண்டு தடவை தவறவிட்டவர்களிடம் யார் முழு இடம் கொடுப்பார்கள் என்று அப்போது கேட்டவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்காது. தலைவர் செய்த காரியத்துக்குச் சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் வெறுங்காலோடு பந்து உதைக்கிற பையன் என்ன செய்வான்?

ஆஸ்திரேலியா போன பிறகு அண்ணன் இடத்துக்கு நியூசிலாந்து வந்தது. அங்கே ரக்பிதான் ராஜா. தேசியக் கால்பந்து அணியை ஆல் ஒயிட்ஸ் என்பார்கள். 1982-இல் ஒரு தடவை உலகக் கோப்பைக்குப் போனதோடு சரி. 2009-இல் பஹ்ரைனை வெல்லிங்டனில் 1-0 என்று வென்று 2010-க்குத் தகுதி பெற்றது. தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? ஸ்லோவாக்கியாவோடு 1-1. அதுவும் கூடுதல் நிமிடத்தில் வின்ஸ்டன் ரீட் தலையால் முட்டிய கோலில். நடப்பு சாம்பியன் இத்தாலியோடு 1-1. பராகுவேயோடு 0-0. அந்த இத்தாலி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஆண்டி பேரன், ஊரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். முதல் சுற்றோடு நியூசிலாந்து ஊர் திரும்பியது. ஆனால் அந்த உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத ஒரே அணி அதுதான். கோப்பையை வென்ற ஸ்பெயின்கூட சுவிட்சர்லாந்திடம் தோற்றிருந்தது.

ஓசியானியாவுக்குச் சொந்தமாக ஒரு போட்டியும் உண்டு, நேஷன்ஸ் கப். அதை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தன. 2012-இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் நடந்தபோதுதான் அந்த வழக்கம் உடைந்தது. கொளுத்தும் வெயிலில் நடந்த அரையிறுதியில் நியூ கலிடோனியா 2-0 என்று நியூசிலாந்தைச் சாய்த்தது. இறுதியாட்டத்தில் நியூ கலிடோனியாவை டஹிட்டி 1-0 என்று வென்றது. அந்த டஹிட்டி அணியில் டெஹாவ் குடும்பத்திலிருந்து மட்டும் நாலு பேர்: மூன்று சகோதரர்கள், ஒரு சித்தப்பா பெரியப்பா மகன். சமோவாவை 10-1 என்று வென்ற ஆட்டத்தில் பத்துக் கோலில் ஒன்பது இந்த நால்வர் அடித்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று நம்மவர்கள் சொன்னது இவர்களைப் பார்த்துத்தானோ என்னவோ.

நேஷன்ஸ் கப்பை வென்றவர்கள் 2013-இல் பிரேசிலில், கண்ட சாம்பியன்கள் மோதும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஆட வேண்டும். முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர் அணியில் ஒரே ஒருவர், மராமா வஹிருவா. மற்றவர்கள் பள்ளி ஆசிரியர், டெலிவரி வேலை பார்ப்பவர், வேலை தேடிக்கொண்டிருந்தவர் என்று பலதரம். முதல் ஆட்டம் நைஜீரியாவோடு, பெலோ ஹொரிசான்டேயில். ஆடும் முன் எதிரணியினருக்குக் கழுத்தில் சிப்பி மாலை போட்டார்கள். அதன் பின் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கினார்கள். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் கிக், ஜொனதன் டெஹாவ் எம்பித் தலையால் முட்டினார், வலைக்குள் பந்து. அத்தனை பேரும் ஓடிவந்து புல்லில் வரிசையாக உட்கார்ந்து படகுத் துடுப்புப் போடுவதுபோல் கையசைத்துக் கொண்டாடினார்கள். பிரேசில் ரசிகர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். கால் மணி நேரம் கழித்து அதே ஜொனதன் தன் வலைக்குள்ளேயே ஒன்றைத் தள்ளிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் 6-1. அடுத்து மரகானா அரங்கில் உலக சாம்பியன் ஸ்பெயினோடு 10-0. அதில் நாலு கோல் அடித்த ஃபெர்னாண்டோ டோரஸ் ஒரு பெனால்டியைக் கம்பத்தில் அடித்தபோது, கோல்கீப்பர் மிக்கேல் ரோஷ் குதூகலித்ததைப் பார்த்தால் யார் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற சந்தேகமே வரும். உருகுவேயோடு 8-0. மொத்தம் வாங்கியது 24, போட்டது 1.

ஃபிஜிக்கு வருவோம். நம் நேயர்களில் பலருக்கு அங்கே ஒரு தொப்புள்கொடி உறவு உண்டு. 1879-இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1903-இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள். ஃபிஜியின் பூர்வகுடிகளுக்கு ரக்பி. கரும்புக் காட்டில் வேலை முடித்த இந்தியர்களுக்குக் கால்பந்து. 1938-இல் தொடங்கிய சங்கத்தின் பெயரே ஃபிஜி இந்தியர் கால்பந்துச் சங்கம். 1960களின் தொடக்கத்தில்தான் 'இந்தியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு எல்லோருக்குமான சங்கமாக்கினார்கள். மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி அந்த 1938 முதல் இன்றுவரை நடக்கிறது. சாது குப்புசாமி 1926-இல் நாந்தியில் தொடங்கிய தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்துவதோடு, ஈஸ்டர் விடுமுறையில் தன் ஆண்டு மாநாட்டை ஒட்டிக் கால்பந்துப் போட்டியும் நடத்துகிறது. அங்கே பந்தும் பஜனையும் ஒரே நோட்டீஸில்.

அந்த ஃபிஜி 1988-இல் நாந்தியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்றிருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கும் போயிருக்கிறது. எப்படி? தகுதிச்சுற்று அரையிறுதியில் வென்ற நியூசிலாந்து, தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதால் நீக்கப்பட்டது. தோற்ற வனுவாட்டு இறுதியாட்டத்துக்கு வந்தது. ஃபிஜி அவர்களைப் பெனால்டியில் வென்றது. ஒலிம்பிக்ஸில் தென் கொரியாவிடம் 8-0, ஜெர்மனியிடம் 10-0. நடுவில் மெக்ஸிகோவோடு ஓர் ஆட்டம். பத்தாவது நிமிடத்தில் தலையால் முட்டி ஃபிஜியின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் ராய் கிருஷ்ணா, லம்பாசா ஊர்க்காரர். இடைவேளை வரை ஃபிஜிதான் முன்னிலை! இரண்டாம் பாதியில் மெக்ஸிகோ ஐந்து போட்டது வேறு விஷயம். இந்த ராய் கிருஷ்ணாவை நம் நாட்டுக் கால்பந்து லீகான ஐ.எஸ்.எல். ரசிகர்களுக்குத் தெரியும். 2019-20 சீசனில் 15 கோல் அடித்து, இறுதியாட்டத்தில் நம் சென்னையின் எஃப்.சி.யைத் தோற்கடித்த ஏ.டி.கே. அணியின் முன்கள வீரர் அவர்தான்.

2022 உலகக் கோப்பைக்கான ஓசியானியத் தகுதிச்சுற்று ஓசியானியாவிலேயே நடக்கவில்லை. கொரோனாவால் எல்லோரையும் கத்தாருக்குக் கொண்டுபோனார்கள். எரிமலை வெடிப்பிலும் சுனாமியிலும் சிக்கிய டோங்கா விலகிக்கொண்டது. தொற்றால் வனுவாட்டுவும் குக் தீவுகளும் விலகின. மிஞ்சியவர்களில் முதலிடம் பிடித்த நியூசிலாந்து, கோஸ்டா ரிக்காவிடம் மூன்றாவது நிமிடத்தில் வாங்கிய ஒரே கோலில் வெளியேறியது. அரை இடத்தின் கடைசிப் பலி அது.

2026 உலகக் கோப்பையில் 48 அணிகள் என்று ஆனபோது ஓசியானியாவுக்கு ஒரு முழு இடம் கிடைத்தது. கூடவே, இரண்டாவது அணிக்கு வேறு கண்ட அணிகளோடு மோதும் பிளேஆஃப் வாய்ப்பும். 2025 மார்ச் 24, ஆக்லாந்தின் ஈடன் பார்க் அரங்கில் நியூசிலாந்து நியூ கலிடோனியாவை 3-0 என்று வென்று உள்ளே போனது. மைக்கேல் பாக்ஸல் முதல் கோலைப் போட ஒரு மணி நேரம் ஆனது. மூன்று நாள் முன்பு ஃபிஜியை 7-0 என்று நொறுக்கிய அணியை ஒரு மணி நேரம் தடுத்து நிறுத்துவது சாதாரணக் காரியமா? ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஓசியானியாவின் முழு இடம் என்பது இப்போதைக்கு நியூசிலாந்தின் இடம். மற்றப் பத்துப் பேருக்கும் அந்த பிளேஆஃப்தான், அதாவது பழைய அரை இடம்.

அதை மாற்றப் பணமும் ஆட்டங்களும் வேண்டும். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சர்வதேச ஆட்டங்களை வைத்துக்கொண்டு யாரும் தேற முடியாது. அதனால்தான் 2026 ஜனவரியில் தொடங்கிய ஓசியானியத் தொழில்முறை லீகை நான் உலகக் கோப்பை இடத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். எட்டு அணிகள். ஃபிஜியிலிருந்து புலா எஃப்.சி., சாலமன் தீவுகளிலிருந்து சாலமன் கிங்ஸ், டஹிட்டி யுனைடெட், வனுவாட்டு யுனைடெட், பாப்புவா நியூகினியின் ஹெகாரி, நியூசிலாந்திலிருந்து இரண்டு. எட்டாவது அணி சவுத் மெல்போர்ன், அதே ஆஸ்திரேலியாவிலிருந்து. நாடு போனாலும் ஒரு கிளப் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கடல் தாண்டினால் கட்டுப்படியாகாது என்பதால், எல்லா அணிகளும் ஒரு நகரில் கூடிச் சில ஆட்டங்களை முடித்துவிட்டு, அடுத்த கட்டத்துக்கு அடுத்த நகருக்கு மொத்தமாகக் கிளம்புகிறார்கள். நம்மூர் சர்க்கஸ் கம்பெனிகள் ஒரு காலத்தில் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின.

அந்த 31-0 ஆட்டத்தின் கோல்கீப்பர் சலாபு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். விடாமல் ஆடினார். 2011 நவம்பரில் டச்சுப் பயிற்சியாளர் தாமஸ் ராங்கன் வந்து சில வாரமே பயிற்சி கொடுத்த அமெரிக்கன் சமோவா, டோங்காவை 2-1 என்று வென்றது. ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டத்தில் அவர்களுடைய முதல் வெற்றி அது. தடுப்பு வரிசையில் ஜையா சைலுவா, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆடிய முதல் திருநங்கை. சமோவாவில் ஃபாஃபஃபினே என்று அவர்களுக்குச் சமூகத்திலேயே ஓர் இடம் உண்டு, அணியில் யாரும் அதை விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல் வாயில் நின்றவர், பத்து வருஷம் முன்பு 31 வாங்கிய அதே நிக்கி சலாபு.

நேரம் முடிகிறது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.